உனக்கு என்ன வந்தது?

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வின் கணிதப் பரீட்சை பிற்பகல் ஒன்றேகால் மணிக்கு முடிகிறது. காலை பத்து மணிக்கு அறைக்குள் சென்று, வினாத்தாளை வாசிக்கப் பத்து நிமிஷமும் முகப்புத்தாளின் விவரங்களைச் சரிபார்க்க ஐந்து நிமிஷமும் பெற்று, அதற்கப்புறம் மூன்று மணி நேரம் வாய் திறவாமல் எழுதிய பிள்ளைகள் வெளிவாசலைத் தாண்டியதும் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளும் முதற்கேள்வி தமிழ்நாட்டின் எந்த மூலையிலும் ஒன்றேதான், தாமிரபரணி கடலைச் சேரப்போகும் கடைக்கோடியில், ஏரலிலும் கொற்கையிலும் ஆழ்வார்திருநகரியிலும், அது "ஏலே, ஒனக்கு என்னலே வந்துச்சு?" என்று காதில் விழும். இந்தக் கேள்வியை நம்முடைய பள்ளிக்கூடங்கள் வெகுகாலமாக ஓர் அபசகுனமாகவே பாவித்து வருகின்றன. "எழுதினது எழுதியாச்சு; போய் அடுத்த பரீட்சைக்குப் படி" என்று ஆசிரியரும் அதட்டுகிறார், தகப்பனாரும் அதட்டுகிறார். அதட்டுகிறவர்களின் நல்லெண்ணத்தில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் பத்து வருஷம் கணிதம் படித்த ஒரு பிள்ளை, எவருடைய ஏவலுமின்றி, இனி ஒரு மதிப்பெண்கூடச் சேர்வதற்கு வழியில்லாத வேளையில், கணக்கைப் பற்றி மனசாரப் பேசுகின்ற நாழிகை அநேகமாக அது ஒன்றுதான் என்பதையும், அந்த நாழிகையைத்தான் நாம் அவனிடமிருந்து பறிக்கிறோம் என்பதையும் சற்றே யோசித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

கொற்கையை அறியாத தமிழர் அபூர்வம். பாண்டியரின் முத்துத் துறையென்று யவனர் எழுதிவைத்த நூல்களிலும் பேர் பெற்ற அந்தப் பட்டினத்தை விட்டுக் கடல் கிழக்கே சில கிலோமீட்டர் விலகிப் போய்விட்டது. நெல்லும் வாழையும் சூழ்ந்த சிற்றூராக, குளமும் பழைய வன்னிமரமுமாக, இன்று அது அமைதியாக இருக்கிறது. ஒரு காலத்தில் முத்தை எண்ணியும் நிறுத்தும் விலை பேசிய வட்டாரத்தில், பரீட்சை அட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பஸ்ஸுக்காக நிற்கும் மூன்று பிள்ளைகளின் பேச்சைக் கொஞ்சம் கவனித்துப் பார்ப்போம். கணக்கு முக்கோணவியலைச் சேர்ந்தது. ஐந்து மதிப்பெண் பகுதியில் வருஷந்தோறும் ஏதேனும் ஓர் உருவில் வந்தே தீரும் ரகம். ஒரு கோபுரத்தின் அடியிலிருந்து 90 மீட்டர் தள்ளி நிற்பவனுக்கு அதன் உச்சி 30 பாகை ஏற்றக்கோணத்தில் தெரிகிறது, கோபுரத்தின் உயரம் என்ன என்பது கேள்வி என்று வைத்துக்கொள்வோம். ஒருவன், "எனக்குத் தொண்ணூறு, கீழே ரூட் மூணு" என்கிறான். அடுத்தவன் முகம் வெளுத்து, "எனக்கு முப்பது ரூட் மூணுல்லா வந்திருக்கு!" என்கிறான். பக்கத்தில் நிற்கும் பெண், "போங்கலே, ரெண்டு பேரும் தப்பு, அம்பத்தொண்ணு புள்ளி ஒம்பது ஆறு" என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறாள்.

அதற்குப் பிறகு ஒரு நிமிஷம் மூவரும் பேசுவதில்லை. பிறகு அந்தப் பெண்தான் வினாத்தாளின் பின்பக்கத்தில் தொண்ணூற்றை எழுதி, அடியில் மூன்றின் வர்க்கமூலத்தை எழுதி, மேலும் கீழும் அதே மூலத்தால் பெருக்குகிறாள். கீழே மூன்றாகிவிடுகிறது, மேலே தொண்ணூறு மூலம் மூன்று. வகுத்தால் முப்பது மூலம் மூன்று. அதை 1.732-ஆல் பெருக்கினால் 51.96. "மூணும் ஒண்ணுதாம்லே!" முதலாமவனுக்குச் சந்தோஷம் வருவதற்குள் வேறொரு கவலை வந்துவிடுகிறது: "சுருக்காம அப்படியே விட்டுட்டேனே, ஒரு மார்க் கொறைப்பாங்களா?" என்று கேட்கிறான். அதைக் குறித்து ஒரு வாதம் ஆரம்பமாகிறது; பஸ் வந்தும் அது நிற்பதில்லை, ஏறிய பிறகும் தொடர்கிறது.

இந்தச் சிறிய காட்சியில் நடந்தது என்ன? எண்களின் உருவம் வேறு, மதிப்பு வேறு என்ற உண்மையை, ஒன்பதாம் வகுப்பில் எத்தனையோ தரம் கரும்பலகையில் எழுதிப்போட்டும் உள்ளே இறங்காத விஷயத்தை, தங்களுக்குள் ஏற்பட்ட அபிப்பிராய பேதத்தின் நிர்ப்பந்தத்தினாலேயே அவர்கள் உணர்ந்துகொண்டார்கள். வகுப்பறையில் சரி எது, தப்பு எது என்று உபாத்தியாயர் சொல்லிவிடுகிறார். வீட்டில் புஸ்தகத்தின் கடைசிப் பக்கங்களில் விடைகள் அச்சாகியிருக்கின்றன. பரீட்சையிலோ அரசுத் தேர்வுகள் இயக்ககம் விடைத்தாள் திருத்தும் முகாம்களுக்கு அனுப்பும் விடைக்குறிப்பு என்ற ஏட்டில் எல்லாம் அடங்கியிருக்கிறது. மூன்று இடங்களிலும் உண்மை மேலிருந்து வருகிறது. பஸ் நிறுத்தத்தில் மட்டும் மேலே எவருமில்லை. சமானமான அதிகாரமுள்ள, அல்லது சமானமாக அதிகாரமே இல்லாத மூன்று பேர், ஒருவர் மற்றவரை ஒப்புக்கொள்ளச் செய்தாக வேண்டும்; அதற்கு அவர்கள் கையில் இருக்கும் ஒரே சாதனம் நியாயம். கணிதம் என்ற சாஸ்திரத்துக்கு மூலாதாரமான நிரூபணம் என்பதும் இதைத் தவிர வேறொன்றுமில்லையே!

நம்முடைய பழைய திண்ணைப் பள்ளிக்கூடங்களை நான் புகழ்ந்து பேசுவதற்கில்லை; பிரம்பும் மனப்பாடமும் அங்கே ஆட்சி செய்தன, எல்லாச் சாதிப் பிள்ளைகளுக்கும் அங்கே இடமுமில்லை. ஆயினும் எண்சுவடியை ஒருவன் சொல்ல மற்றவர்கள் உரக்கத் திருப்பிச் சொல்லி, முந்நூற்றிருபதில் ஒரு பங்காகிய முந்திரி வரையில் பின்னங்களை வாயிலேயே கூட்டிக் கழித்த அந்த முறையில், ஒருவனுடைய விடை மற்றவன் காதுக்குத் தப்புவதில்லை. சட்டாம்பிள்ளை தன் வயதொத்தவர்களைக் கேள்வி கேட்டான். 1857-இல் ஏற்பட்ட சென்னைப் பல்கலைக்கழகத்தின் மெட்ரிகுலேஷன் பரீட்சையும், பின்னால் வந்த எஸ்.எஸ்.எல்.சி.யும்தான் கணக்கை அந்தரங்கக் காரியமாக்கிவிட்டன. தனித்தனி மேஜை, தனித்தனித் தாள், எண்ணாக மாறிய பெயர். அதிலும் நியாயம் உண்டு: யாரென்று தெரியாத ஒருவரால் திருத்தப்படும் தாளில் மிராசுதார் பிள்ளைக்கும் கூலிக்காரன் பிள்ளைக்கும் பேதமில்லை. தமிழ்நாட்டில் பொதுத்தேர்வு செய்த பெரிய உபகாரம் இது. அந்த மூன்று மணி நேர மௌனத்தை நான் ஆட்சேபிக்கவில்லை. மௌனம் கலைந்த பிறகும் பேசாதே என்பதைத்தான் ஆட்சேபிக்கிறேன்.

பரீட்சையின் அமைப்பே இந்தப் பேச்சைத் தூண்டுவதாக இருக்கிறது என்பது வேடிக்கை. பத்தாம் வகுப்புக் கணிதத்தாளில் 14 ஒரு மதிப்பெண் வினாக்கள்; இரண்டு மதிப்பெண்ணில் பத்து, ஐந்து மதிப்பெண்ணில் பத்து; கடைசியில் வடிவியல் ஒன்றும் வரைபடம் ஒன்றும் எட்டெட்டாக; ஆகமொத்தம் நூறு. பிள்ளைகள் வெளியே வந்ததும் பெரும்பாலும் ஒரு மதிப்பெண்ணில்தான் ஆரம்பிப்பார்கள், ஏனெனில் அது சுலபமாக ஒத்துப்பார்க்கக் கூடியது. ஆனால் அதில் பேச்சு சீக்கிரம் வற்றிவிடும்: "மூணாவதுக்கு?" "ஆ." "எனக்கும் ஆ." அவ்வளவுதான். (மேல்நிலைத் தேர்வில் ‘ஏ’ வகை, ‘பி’ வகை என்று வினாக்களின் வரிசையை மாற்றி அச்சிட்ட வருஷங்களில், வகை வேறென்று தெரியாமல் ஒத்துப்பார்த்து, பாதி வழியில் அழத் தொடங்கிவிட்ட பிள்ளைகளும் உண்டு.) நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் குறியீட்டையும் விடையையும் சேர்த்து எழுதச் சொல்லும் அந்தப் பகுதி விவாதத்துக்கு உதவாது. விவாதம் சூடுபிடிப்பது ஐந்து மதிப்பெண்ணிலும், வரைபடத்திலும்தான். ஒருவன் எடுத்த அளவுத்திட்டம் மற்றவனுடையதல்ல. ஒருத்தி வரைந்த பரவளையம் அச்சை வெட்டிய இடத்தில் மற்றொருத்திக்கு வெட்டவில்லை. ஒவ்வொரு படியையும் திரும்ப எடுத்துச் சொன்னாலொழியச் சண்டை தீராது. தேர்வு வினாக்களெல்லாம் கொள்குறி வகைக்குப் போய்விட வேண்டுமென்று வாதிடுகிறவர்கள், இந்தச் சண்டையும் கூடவே போய்விடும் என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை.

போய்க்கொண்டும் இருக்கிறது. கைப்பேசி வந்த பிறகு, பிள்ளை வீடு சேர்வதற்குள் யாரோ ஒரு பயிற்சி நிலையத்தார் முழு விடைத்தாளையும் பரப்பிவிடுகிறார்கள். ஜே.இ.இ., நீட் முதலான பரீட்சைகளில் இது ஒரு வியாபாரப் போட்டியாகவே நடக்கிறது: யாருடைய விடைக்குறிப்பு முந்தி வருகிறது என்பதே அங்கே பெருமை. அதன்பின் பிள்ளைகள் ஒருவரோடொருவர் பேசுவதில்லை. தனித்தனியே திரையைப் பார்த்துக் கூட்டிக்கொள்கிறார்கள். தேசியத் தேர்வு முகமை தாற்காலிக விடைக்குறிப்பை வெளியிட்டு, அதில் ஆட்சேபம் உள்ளவர்கள் ஒரு வினாவுக்கு 200 ரூபாய் கட்டி முறையிடலாமென்று ஏற்பாடு செய்திருக்கிறது. ஆட்சேபத்துக்கு இடம் வைத்தது நல்ல காரியமே. எனினும், ஏரல் பஸ் நிறுத்தத்தில் இலவசமாகக் கிடைத்த நியாயத்துக்கு டில்லியில் கட்டணம் என்று ஆகிவிட்டதைச் சொல்லாமலிருக்க முடியவில்லை. கைப்பேசியைப் பற்றிப் பேசும்போது, 2015 மார்ச்சில் ஓசூரில் பிளஸ் டூ கணித வினாத்தாளைத் தேர்வறைக்குள்ளிருந்தே படம்பிடித்து அனுப்பி ஆசிரியர்களே பிடிபட்டதையும் நினைக்கத்தான் வேண்டும். விடையை ஒத்துப்பார்க்கும் மாணவனை விரட்டுகிற ஓர் உலகம் இதையும் தன்னுள் வைத்திருந்தது.

விடைக்குறிப்பு என்பது வேதவாக்கன்று. அதை எழுதுகிறவரும் மனிதர். அமெரிக்காவில், கல்லூரி சேர விரும்பும் பிள்ளைகள் லட்சக்கணக்கில் எழுதும் தேர்வுகளில் இரண்டு முறை இது நிரூபணமாயிற்று. 1980-ஆம் ஆண்டு அக்டோபரில் நடந்த ஒரு தேர்வில், எல்லா விளிம்புகளும் சமமான ஒரு சதுரப் பிரமிடையும், அதே அளவு விளிம்புள்ள ஒரு நான்முகியையும், முக்கோண முகங்கள் பொருந்துமாறு ஒட்டினால், வெளியே தெரியும் முகங்கள் எத்தனை என்று கேட்டார்கள். ஐந்தும் நான்கும் ஒன்பது. ஒட்டியதில் இரண்டு மறையும். ஆகவே ஏழு என்றது விடைக்குறிப்பு. ஃப்ளாரிடாவைச் சேர்ந்த பதினேழு வயதுப் பையன் ஒருவன் ஐந்து என்று எழுதியிருந்தான். ஒட்டிய பின் இரண்டு ஜோடி முகங்கள் ஒரே தளத்தில் படுத்துவிடுகின்றன என்பதை அவன் கண்டிருந்தான். கடைசியில் தேர்வு நடத்தியவர்கள் ஒப்புக்கொண்டு, ஏறத்தாழ 2,40,000 பேருடைய மதிப்பெண்ணை உயர்த்த நேர்ந்தது. இரண்டே வருஷத்தில், 1982 மே மாதத் தேர்வில், பெரிய வட்டத்தைச் சுற்றி அதன் மூன்றிலொரு பங்கு ஆரமுள்ள சிறிய வட்டம் உருண்டு வந்தால் அது எத்தனை முறை சுழலும் என்ற கேள்விக்கு, கொடுத்திருந்த விடைகளில் ஒன்றுகூடச் சரியில்லை. சரியான விடை நான்கு. மூன்று என்றே எல்லோரும் நினைத்தார்கள். எழுதிய மூன்று லட்சம் பேரில் மூவர் மட்டுமே ஆட்சேபித்துக் கடிதம் போட்டார்கள். அப்புறம் அந்தக் கேள்வியே கணக்கிலிருந்து நீக்கப்பட்டது. (ஒரு ரூபாய் நாணயம் இரண்டை எடுத்து, ஒன்றை அசையாமல் வைத்து மற்றொன்றை அதன் விளிம்பைச் சுற்றி உருட்டிப் பாருங்கள், ஒரு முறையல்ல, இரண்டு முறை சுழலும்.) அந்த மூவரும் "எழுதினது எழுதியாச்சு" என்று சும்மா இருந்திருந்தால் விடைக்குறிப்பே ஜெயித்திருக்கும்.

நம் பக்கத்திலும் ஒரு திருஷ்டாந்தம் உண்டு, இதைவிட உயரமானது. செங்கோட்டைக்கு அருகிலுள்ள வல்லத்தில் 1901-இல் பிறந்த சுப்பையா சிவசங்கரநாராயண பிள்ளை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராக இருந்தபோது, 1770-இல் எட்வர்டு வேரிங் என்ற ஆங்கிலேயர் எழுப்பிவிட்டுப்போன ஒரு பிரச்சினையை எடுத்துக்கொண்டார். எந்த முழு எண்ணையும் நான்கு வர்க்கங்களுக்கு மேற்படாமல் கூட்டி எழுதிவிடலாம். கனங்களானால் ஒன்பது வேண்டும். அதற்கு மேற்பட்ட அடுக்குகளுக்கு எத்தனை வேண்டும் என்பது விஷயம். பிள்ளை 1936-ஐ ஒட்டி இதற்குப் பெரும்பாலான அடுக்குகளுக்கும் பொருந்தும் சூத்திரத்தை நிரூபித்தார். அதே காலத்தில் சிகாகோவில் டிக்ஸன் என்ற பேராசிரியரும் தனியாக அதே இடத்துக்கு வந்து சேர்ந்திருந்தார். அண்ணாமலை நகரில் ஒருவர், சிகாகோவில் ஒருவர். எங்கும் விடைக்குறிப்பு என்று ஒன்று கிடையாது. இருவருடைய தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது ஒரே விடை. 1940-இல், ஆறாம் அடுக்குக்கு 73 போதுமென்றும் பிள்ளை காட்டினார். 1950 ஆகஸ்ட் 31-ஆம் தேதி, அமெரிக்காவுக்குப் போகும் வழியில், எகிப்தில் நடந்த விமான விபத்தில் அவர் காலமானார். கணித விற்பன்னர்களின் மகாநாடுகள் என்பவை வேறென்ன? உனக்கு என்ன வந்தது என்று உலகமெங்கும் இருப்பவர்கள் கூடிக் கேட்டுக்கொள்ளும் இடங்கள்தாம். அப்படிப்பட்ட மகாநாடு ஒன்றுக்குத்தான் அவரும் பிரயாணப்பட்டிருந்தார்.

எதிர்க்கட்சியின் வாதத்தையும் அலட்சியம் செய்யக் கூடாது. தன் விடை தப்பென்று நடுத்தெருவில் தெரிந்துகொண்ட பிள்ளை அன்றிரவு சாப்பிடாமல் படுத்துவிடுகிறது. மூன்று நாள் கழித்து வரும் அறிவியலையும் கோட்டை விட்டுவிடுகிறது. அதைவிடக் கொடிய முடிவுகளும் இந்த நாட்டில் பரீட்சையை ஒட்டி நேர்ந்திருக்கின்றன. ஒவ்வொரு வருஷமும் முடிவு வெளியாகும்போது 104 என்ற எண்ணில் ஆலோசனை சொல்ல ஆட்களை உட்கார வைக்க வேண்டியிருப்பது சும்மாவல்ல. ஆனால் பயம் எதிலிருந்து வருகிறது என்று பார்த்தால், விடையை ஒப்பிடுவதிலிருந்தல்ல, மதிப்பெண்ணை ஒப்பிடுவதிலிருந்தே வருகிறது. இரண்டும் ஒன்றுபோலத் தோன்றினாலும் குணத்தில் நேர் விரோதம். விடையை ஒப்பிடும்போது இருவரும் ஒரே பொருளைப் பார்க்கிறார்கள். மதிப்பெண்ணை ஒப்பிடும்போது ஒருவரையொருவர் பார்க்கிறார்கள். 2017-இல் தமிழ்நாட்டு அரசு, மாநில முதலிடம், மாவட்ட முதலிடம் என்று பட்டியல் போட்டுப் பத்திரிகைகளில் படம் வெளியிடுவதை நிறுத்தியது மிகச் சரியான காரியம். அந்தப் பட்டியலை நிறுத்திய கையோடு, மற்ற ஒப்பீட்டையும் பாவமென்று ஒதுக்குவது சரியல்ல.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் இந்தத் தாமிரபரணிப் பள்ளத்தாக்கில் பெய்த மழையை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது; ஏரல் துண்டுபட்டுப் போயிற்று; ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் வெள்ளத்துக்கு நடுவே நின்றது. வீட்டுச் சாமான்களோடு பாடப்புஸ்தகங்களும் நோட்டுகளும் சேறாய்ப் போயின. அந்தப் பிள்ளைகள் மூன்றரை மாதத்தில், 2024 ஏப்ரல் 1-ஆம் தேதி, சென்னைப் பிள்ளைகள் எழுதிய அதே கணிதத்தாளை எழுதினார்கள். பொது வினாத்தாள் வெள்ளத்தை அறியாது, அறியவும் கூடாது. அதுவே அதன் நடுநிலைமை. ஆனால் "அந்தப் பாடம் நடத்தும்போதுதான் நம்ம ஊர் முங்கிக் கெடந்துச்சு" என்று ஒருவன் சொல்ல, மற்றவன் அந்தக் கணக்கை அங்கேயே போட்டுக் காட்டும் பேச்சுக்கு வெள்ளம் தெரியும்.

இனிச் செய்யக் கூடியது என்ன என்று கேட்டால், பெரிய சீர்திருத்தம் ஒன்றும் எனக்குத் தோன்றவில்லை. திருத்திய விடைத்தாளைப் பார்ப்பது பரீட்சை எழுதியவனுடைய உரிமை என்று, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், உச்ச நீதிமன்றம் 2011 ஆகஸ்டிலேயே தீர்ப்புச் சொல்லியாயிற்று. பிளஸ் டூ மாணவர்கள் கட்டணம் செலுத்தித் தங்கள் விடைத்தாளின் நகலைப் பெறுகிறார்கள். பெற்றதை மறுமதிப்பீட்டுக்கு மட்டுமே உபயோகிக்கிறார்கள், நாலு மதிப்பெண் கூடினால் லாபமென்று. நகலைப் பக்கத்திலிருப்பவனுடைய நகலோடு வைத்துப் பார்ப்பதற்கு எந்தப் பள்ளிக்கூடமும் ஒரு மணி நேரம் ஒதுக்குவதில்லை. அப்படிப் பார்ப்பதன் பிரயோஜனம் கொஞ்சநஞ்சமல்ல: 2018-இல் நீட் தமிழ் வினாத்தாளில் 49 வினாக்கள் பிழையாக மொழிபெயர்க்கப்பட்டிருந்தன என்று தொடரப்பட்ட வழக்கில், உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 196 கருணை மதிப்பெண் வழங்கச் சொன்னது. உச்ச நீதிமன்றம் அதைப் பின்னர் ரத்து செய்தது என்பது வேறு. தமிழ்ப் பிரதியும் ஆங்கிலப் பிரதியும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கப்படாமல் அந்த வழக்கே பிறந்திராது.

பதினோராம் வகுப்புக்குப் பொதுத்தேர்வு வேண்டாம் என்று 2025-இல் வெளியான மாநிலக் கல்விக் கொள்கை முடிவு செய்துவிட்டபடியால், அந்த வருஷத்தில் ஆசிரியர்களுக்குச் சற்று மூச்சுவிட இடம் கிடைத்திருக்கிறது. ஜூன் மாதத்தில் புதிய வகுப்பு ஆரம்பமானதும், முதல் இரண்டு கணிதப் பாடவேளைகளில், சில மாதங்களுக்கு முன் எழுதிய அதே பத்தாம் வகுப்பு வினாத்தாளைக் கையில் கொடுத்து, மூன்று மூன்று பேராக உட்கார வைத்து, யாருக்கு என்ன வந்தது, ஏன் வந்தது என்று பேசச் சொல்லலாம். ஆசிரியர் அதிகாரபூர்வமான விடைக்குறிப்பை மேஜை இழுப்பறைக்குள் வைத்திருக்கட்டும். பிள்ளைகளுக்குள் சண்டை தீர்ந்த பிறகு எடுத்தால் போதும். இதற்கு நிதி ஒதுக்கீடு தேவையில்லை. சத்தம் கொஞ்சம் அதிகமாக இருக்கும். பக்கத்து வகுப்பு ஆசிரியரிடம் முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது.